டாக்டரம்மாவிடம் நீ மறைத்த இரண்டு சாவுகள்

மகனே,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பொய் சொன்ன வாய்க்கு உடனே காய்ச்சல் வருவதாக இருந்தால் நம் குடும்பத்தில் எல்லோரும் என்றைக்கோ படுத்திருப்போம், முதல் ஆளாக நான். வளைகாப்பு முடிந்து நீ வாணியம்பாடிக்குப் போன மறுநாள் காலை, நான் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். கனகா பக்கத்தில் வந்து, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தாள். கையில் போட்ட வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே ஊர்க் கதை பேசுவதுபோலச் சொன்னாள். "செக்கப்புக்குப் போனப்போ டாக்டரம்மா இன்னா இன்னாவோ கேக்கறாங்க அத்தே. உங்க வூட்ல யாருக்குன்னா கால் வீங்கிச்சா, திடீர்னு மூச்சு முட்டி யாருன்னா போய்ட்டாங்களா, புள்ள பெத்தவங்க யாருன்னா செத்தாங்களான்னு. எங்கப்பா மாரடைப்புல போனதச் சொல்லலாமான்னு நான் முழிக்கிறேன். உங்க புள்ள பட்டுனு, அப்பிடில்லாம் யாரும் இல்லீங்கன்னுட்டாரு. நல்லா யோசிச்சி சொல்லுப்பான்னாங்க அந்தம்மா. இவுரு மறுபடியும் இல்லீங்கன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் கையிலிருந்த முறம் கீழே விழுந்து சாமையெல்லாம் மண்ணில் கொட்டியது. அவள் பயந்துபோய்ப் பொறுக்க ஆரம்பித்தாள். மயக்கம் வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். அதுவும் பொய்தான். வந்தது கோபம்.

யாரும் இல்லையா? பூங்காவனம் யார்? உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை முழுக்கச் சுற்றிய உன் சின்னம்மா, யாரோ வழிப்போக்கியா? கோவிந்தன் யார்? உன் தாய்மாமன், இன்றைக்கு உனக்கு மாமனார், கனகாவைப் பெற்றவன். அவன் செத்து விழுந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தது உன் கைதானே? பெற்ற மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று சொல்ல உனக்கு எப்படியடா நாக்கு வந்தது? தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். யோசித்துச் சொல் என்று அந்தம்மா நேரம் கொடுத்தும், நீ யோசித்தே பொய் சொல்லியிருக்கிறாய். பால்வாடியில் நான் பார்த்துக்கொள்ளும் மூன்று வயதுப் பிள்ளைகூட, "கொட்டினது யாரு"ன்னு இரண்டாவது தடவை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "தங்கச்சி செல்விக்கு எடம் பாக்கற நேரத்துல இதெல்லாம் வெளிய வரலாமாம்மா?" என்பாய். அதைத்தான் சொல்வாய், ஏனென்றால் அந்தப் பாடத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் இந்தக் கடிதத்தில் பாதித் திட்டு உனக்கு, பாதி எனக்கு. எனக்கு உரியதைக் குறைத்துக்கொள்ளாமல் எழுதுகிறேன். பூங்காவனம் போனபோது உனக்கு ஏழு வயது. நீ பார்த்தது பாதி, கேட்டது பாதி, ரெண்டும் சரியில்லை. முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

என் தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உடம்பில் ஒரு நோய் நொடி கிடையாது. புளியமரத்தில் ஆண்களுக்குச் சமமாக ஏறிக் கிளையை உலுக்குவாள், நம் ஊர் நெல்லிவாசலிலிருந்து மலைக்குக் கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு ஓடுவாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளை, நம் முறைப்படி, ஊருக்கு வெளியே இருக்கும் தீட்டுக் குடிசையில் வைத்தோம். செல்வி பிறந்தாள். குழந்தை நன்றாக அழுதது, தாயும் நன்றாக இருந்தாள். அதற்கப்புறம்தான் எங்கள் முறை ஆரம்பித்தது. எழுந்து நடந்தால் கருப்பை இறங்கிவிடும் என்று படுக்கவே வைத்தோம். வயிற்றை ஒரு முழுப் புடவையால் இறுக்கிக் கட்டினோம். பக்கத்தில் கங்குச் சட்டி. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. நெருப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பால் கொடுத்துக்கொண்டு, வேர்த்து ஊற்றிக்கொண்டு, அவள் கெஞ்சுவாள். "அக்கா, ஒரே ஒரு சொம்பு தண்ணி குடுக்கா. நாக்கு ஒட்டிக்கினு கீது." நான் கொடுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கொடுத்திருக்கலாம், காவலுக்கு இருந்தவளே நான்தான். கொடுக்காமல் இருந்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு. எட்டாவது படித்தவள், ஆனாலும் முறை தவறாதவள் என்று ஊரில் பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, இடது கால் கனக்கிறது என்றாள். பார்த்தேன். கெண்டைக்கால் உருண்டு, தோல் பளபளவென்று, தொட்டால் சுட்டது. வலது கால் எப்போதும்போல இருந்தது. ஒரு கால் மட்டும் ஏன் வீங்குகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிரசவம் பார்த்த கிழவி வெளியே நின்றபடியே, "வாயு எறங்கியிருக்கு. வெளக்கெண்ண காச்சி நல்லா மேல தூக்கி நீவி வுடு" என்றாள். நீவினேன். மூன்று நாள், காலையிலும் மாலையிலும், என் பலம் அத்தனையும் சேர்த்து, கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் நீவினேன். அவள் வலி தாங்காமல் பாயைக் கடித்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கடி, எறங்கிடும்" என்றேன். பதினோராம் நாள், தீட்டுக் கழிக்கிற நாள், குளிக்க எழுந்தாள். பத்து நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றாள். வெளியே வந்து வெயிலைப் பார்த்து, அடேயப்பா என்று சிரித்தாள். நாலு எட்டு வைத்தாள். நெஞ்சில் கையை வைத்து, "மூச்சு வர்லக்கா" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சரிந்தாள். வாயில் தண்ணீர் ஊற்றினோம், அன்றைக்கு மட்டும் ஒருத்தரும் தடுக்கவில்லை.

காற்று அடித்துவிட்டது என்றார்கள். வெயிலில் தலைவிரித்து நின்றதால் முனி பிடித்துவிட்டது என்றார்கள். ஊரில் ஒருவர்கூட அந்தக் காலைப் பற்றிப் பேசவில்லை. பார்த்தவள் நான், நானும் பேசவில்லை. அவள் புருஷன் ஆறு மாதத்தில் அடிவாரத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான், குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்வியை நான் எடுத்து வளர்த்தேன். உனக்குத் தங்கை கிடைத்தது அப்படித்தான்.

அதற்கப்புறம் பத்து வருஷம் கழித்து கோவிந்தன் விழுந்தான். புளி உலுக்கப் போய்க் கிளை முறிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது. அப்போது உனக்குப் பதினேழு வயது, நீயும்தான் கூடப் போய்த் தூக்கி வந்தாய். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவு. என் அண்ணன், சொன்ன பேச்சைக் கேட்கிறவன், அசையவில்லை. அசைந்திருந்தாலும் தேவலை. ஐந்தாவது வாரம் கட்டுக்கு மேலே தொடை வீங்கியது. மறுநாள் விலா குத்துகிறது என்றான், இருமலில் ரத்தம் வந்தது. அப்போதும் ஊரில், கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நீதான் ஒரேயடியாகச் சண்டை போட்டாய். "கயிறு கட்ற வேலையெல்லாம் அப்பறம் வெச்சிக்குங்க, மொதல்ல தூக்குங்க" என்று கத்தினாய். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய், ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூர், அங்கிருந்து வேலூர். அந்தப் பையனைத்தான் நான் வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா முன்னால் இல்லீங்க, இல்லீங்க என்று குழைந்தவன் எங்கிருந்து வந்தான்?

வேலூரில் ஊசி மேல் ஊசி போட்டு அவனைப் பிழைக்க வைத்தார்கள். நாலாம் நாள் சின்ன வயது டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "காயம் பட்டா ரத்தம் உறையணும்மா, இல்லன்னா எல்லாம் வெளியே போயிடும். ஆனா காலை அசைக்காம படுத்தே கிடந்தா, சில பேருக்கு ரத்தக் குழாய்க்குள்ளயே உறைஞ்சிடும். பால் உறையற மாதிரி. அந்தக் கட்டி அங்கயே இருந்தா கால் வீங்கும். அதுல ஒரு துண்டு பிச்சிக்கினு மேல போய் நுரையீரலை அடைச்சிட்டா, மூச்சு நின்னுடும். வயசானவங்களுக்குத்தான் வரும்னு நெனைக்காதீங்க. இருபது வயசுலயும் வரும். புள்ள பெத்த பொண்ணுங்களுக்கு வரும்." அப்புறம் அவராகவே, "நல்லவேளை, காலை யாரும் நீவி வுடலை. நீவியிருந்தா அன்னிக்கே போயிருப்பாரு" என்றார்.

அந்த இடத்தில், அண்ணனின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், எனக்குப் பூங்காவனத்தின் கால் முழுசாகத் தெரிந்தது. அதன் சூடுகூட உள்ளங்கையில் வந்தது. அப்போது பார்த்து அவர் கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?" கோவிந்தன் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தான். கனகாவுக்கு அப்போது பதினாலு வயது. ரத்தத்தில் குற்றம் என்று ஒரு பேச்சு மலையேறிவிட்டால் அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அவன் கண் கேட்டது. நான், "இல்லைங்க" என்றேன்.

இத்தனை வருஷமாக அதைக் கனகாவுக்காகச் சொன்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது ரெண்டாவது பொய். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்: கால் வீங்கினப்போ இன்னா செஞ்சீங்க? அதற்கு நான், என் கையால நீவினேன் சார் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் இல்லைங்க என்றேன். அண்ணன் கண் எனக்கு ஒரு சாக்கு. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கும் யோக்கியதை இவ்வளவுதான், தெரிந்துகொள்.

அவர் எழுதிக்கொண்டார். "குடும்பத்துல இல்லன்னா இது கால் உடைஞ்சி படுத்ததால வந்தது. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டாப் போதும்" என்றார். மூன்று மாதம் கோவிந்தன் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டான். நிறுத்தினான். அடுத்த மழைக்காலம் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தான். அதே கால் மறுபடி வீங்கியிருக்கிறது. பழைய அடிதானே என்று யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டதும் நிலத்துக்குப் போனான், நீயும் கூடத்தான் இருந்தாய். சாமைக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. உன் மடியில் அவன் தலை இருந்தபடிதான் நான் ஓடி வந்து பார்த்தேன். மாரடைப்பு என்று நான்தான் முதலில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கனகாவும் அதைத்தான் நம்பி வளர்ந்தாள்.

காரியம் முடிந்து நான் தனியாக வேலூருக்குப் போனேன். உன் அப்பாவிடம் பால்வாடி மீட்டிங் என்று சொன்னேன். அதே டாக்டரைப் பிடித்து, பூங்காவனத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், நீவியதையும் சொன்னேன். அவர் கோவிந்தனின் பழைய கேஸ் காகிதத்தை வரவழைத்துப் பார்த்தார். பிறகு, "நீவினது தெரியாம செஞ்சது, அதுக்கு உங்கள யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டேனேம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டாமல் ஒரு சீட்டை எடுத்து இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். உங்க ரத்த சொந்தத்துல யாரு புள்ள உண்டானாலும், கை கால் ஒடிஞ்சி படுத்தாலும், பெரிய ஆபரேஷன் பண்ணாலும், பொம்பளைங்க கொழந்த தள்ளிப் போட மாத்திரை சாப்பிட்டாலும், முதல்ல இதைக் காட்டுங்க என்றார். அந்தச் சீட்டு எட்டு வருஷமாக என் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில் கிடந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அன்று திரும்பி வந்ததும் உனக்கு மட்டும் சொன்னேன், என் கை நீவியதை விட்டுவிட்டு. சொல்லிவிட்டு, "வெளிய மூச்சு வுடாத, பொம்பளப் புள்ளைங்க கீறாங்க" என்றும் சொன்னேன். நீ தலையாட்டினாய். அப்புறம் உனக்கும் கனகாவுக்கும் கல்யாணம் பேசினபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பாசம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் நான் போட்ட கணக்கு வேறு. வெளியே கொடுத்தால் என்றைக்காவது சொல்ல வேண்டி வரும். மாமன் மகளை அத்தை மகனுக்கே கட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். ரகசியம் வீட்டோடு போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம் என்பதை வசதியாக மறந்தேன். இந்த மலையில் எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். காசத்தை மறைக்கிறார்கள், வலிப்பை மறைக்கிறார்கள், பெண்ணை நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும் என்று எதை எதையோ மறைத்து, அந்தப் பெண்ணையே பறிகொடுக்கிறார்கள். இதற்குப் பேர் மானமாம். எனக்கு வாயில் வருவதை எழுதினால் தபால்காரர் கூசுவார்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். உன் மாமியார் அந்தக் குடிசைக்குப் புதுசாகக் கூரை வேய்ந்திருக்கிறாள். நீ வேறு வளைகாப்பன்று, "எல்லாம் முறைப்படியே நடக்கட்டும் அத்தே" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அண்ணி நல்லவள், பாவம், அவளுக்கும் எதுவும் தெரியாது. நேற்றுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம், "அப்போ எங்க வூட்டுக்காரர நீதான் கொன்ன" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? மண்ணை வாரி என் மேல் இறைத்தாள், நான் துடைக்காமல் நின்றேன். அவள் அழுது ஓய்ந்த பிறகு, "கனகாவயாச்சும் காப்பாத்து" என்றாள். கூரை வேய்ந்தது வேய்ந்தபடியே இருக்கட்டும், மழைக்கு ஆடு கட்டிக்கொள்வார்கள். கனகா அங்கே போக மாட்டாள். கனகாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, உன்னைத்தான் கேட்டாள். "அவருக்குமா தெரியும்?" என்று கேட்டாள். அதற்கு நீ வந்து பதில் சொல்லிக்கொள், நான் உனக்காக எதையும் பூசி மெழுகவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன். நீ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நில். அந்த டாக்டரம்மா முன்னால், போன தடவை இல்லை என்று சொன்ன அதே வாயால் சொல்ல வேண்டும். என் மனைவியின் அத்தை, பிள்ளை பெற்ற பதினோராம் நாள், கால் வீங்கி, மூச்சு முட்டி இறந்தாள். அவளுடைய அப்பா காலில் ரத்தம் உறைந்து, ஒரு தடவை பிழைத்து, மறு தடவை இறந்தார். நான் தெரிந்தே மறைத்தேன் என்று சொல். தலையைச் சொறியாதே, அரைகுறையாக முழுங்காதே. அந்தம்மா திட்டினால் வாங்கிக்கொள். என்ன ஊசி போட வேண்டும், பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்னாலே வந்து சேர வேண்டும் என்று அவர் சொல்கிறபடி நடப்போம். பிள்ளை பிறந்த பிறகு கனகா தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பாள். டாக்டரம்மா எழுந்திரு என்று சொன்ன அன்றைக்கே எழுந்து நடப்பாள். அவள் காலில் யாராவது எண்ணெயோடு கை வைத்தால், அந்தக் கையை நான் முறிப்பேன். கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, நாள் நட்சத்திரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒன்றரை மாதம் வரைக்கும் அந்தப் பயம் உண்டாம்.

உனக்கும் ஒரு வார்த்தை. நீ என் வயிற்றில் பிறந்தவன், அந்த ரத்தம் உனக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்? தையல் மிஷின் முன்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் உட்காருகிறாய். பீடி வேறு. போன பொங்கலுக்கு வந்தபோது கெண்டைக்கால் இழுக்கிறது என்று தேய்த்துக்கொண்டிருந்தாயே, அதையும் அந்தம்மாவிடம் சொல். ஆம்பளைக்கு என்ன என்று சிரிக்காதே. உன் மாமன் ஆம்பளைதான், முப்பத்தெட்டு வயதில் போனான்.

இனி செல்வியின் விஷயம். நேற்று மாலை இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் எழுதிவிட்டு, அவளைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். அவளுக்காகத்தானே மறைத்தாய், அவளையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவளை இந்த ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று உனக்குத் தெரியும். நல்ல காரியத்துக்கு அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பெற்றவளை முழுங்கினவள் என்பார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள், திருவிழாவிலும் சொன்னார்கள். நானும் கேட்டேன், நீயும் கேட்டாய். சொன்னவர்களோடு சண்டை போட்டேனே தவிர, ஏன் செத்தாள் என்கிற உண்மையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஏனென்றால் அந்த உண்மையில் என் கை இருந்தது. அந்தக் கையை மறைத்துக்கொள்ள, பிறந்து பதினோரு நாள் ஆன குழந்தை மேல் பழியை விட்டுவைத்தேன். அவள் கல்யாணத்துக்காக நாம் பொய் சொன்னோமாம். எந்த வீட்டார் வந்து கேட்டாலும் ஊரில் முதலில் சொல்வது அதைத்தானே, மகனே? அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தானே போன மாசி மாதம் பெண் பார்க்க வந்த அமிர்திக்காரர்கள் காபித் தண்ணி குடிக்காமல் எழுந்து போனார்கள்?

அவள் நிதானமாகப் படித்தாள். சில பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், என்னை ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். நான் நீவினதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணிகூட மண்ணை வாரி இறைத்தாள், இவள் அதுவும் செய்யவில்லை. காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "திங்கக்கெழம நானும் வர்றேன். எங்கம்மாவப் பத்தி நானே சொல்றேன்" என்றாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"அப்போ நான் எங்கம்மாவ முழுங்கலயா, பெரிம்மா?"